தூரெ ஒருமுறையும் கதவைத் திறந்ததில்லை

என் மகன் யோவார் செத்து இரண்டு வருஷம் கழித்து, அவன் செத்துப்போன வண்டியைச் செய்த ஹம்ரா ஆலையிலிருந்து எனக்கு அழைப்பிதழ் வந்தது. வழுவழுப்பான கெட்டித் தாள். ‘இறுதிப் பயனாளர் குடும்ப நாள்’ என்று மேலே அச்சடித்திருந்தார்கள். இறுதிப் பயனாளர் என்றால் யார் என்று முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை படித்தபோதுதான் அது என் பையன் என்று தெரிந்தது. கோதுமை ஒத்துக்கொள்ளுமா, பால் ஒத்துக்கொள்ளுமா, கால் அளவு என்ன என்று கேட்டு ஒரு பதில் அட்டையும் கூடவே இருந்தது. வேறு விருப்பம் ஏதேனும் உண்டா என்று கடைசியில் ஒரு கோடு விட்டிருந்தார்கள். ‘கதவைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதி அனுப்பினேன்.

கதவு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமைதிப் படையோடு போன வண்டி அது. முள்ளெலி என்று பெயர். கண்ணிவெடிமேல் ஏறி, பள்ளத்தில் இடப்பக்கமாகச் சாய்ந்தது. வெடியில் உள்ளே இருந்த ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை. அப்புறம் புகை வந்தது. கூரை மூடி பள்ளத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மின்சாரம் அறுந்துபோனதால் பின்கதவின் மோட்டார் ஓடவில்லை. உள்ளே நாலு பேர், நாலு பேரும் எங்கள் மாவட்டத்துப் பையன்கள். எழுபது பக்க விசாரணை அறிக்கையில் எனக்கு மனப்பாடமான வரி நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது: ‘கதவை ஒட்டிய ஆறாம் இருக்கையில் இருந்தவர் கைப்பிடியை இயக்கவில்லை.’ கைப்பிடி பூட்டிய நிலையிலேயே கிடந்ததாம். ஆறாம் இருக்கையில் இருந்தவன் யோவார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்த மாதிரி.

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே திட்ட மாட்டார்கள். பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஐந்தாம் இருக்கையில் இருந்த ஹெனிங்கின் அம்மா மய்கென் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். நான் முப்பத்தொரு வருஷம் ஓட்டிய பேருந்தில் இருபது வருஷம் ஏறி இறங்கியவள். இப்போது கூட்டுறவுக் கடையில் நான் ரொட்டி அலமாரிப் பக்கம் போனால் அவள் சோப்புப் பக்கம் போய்விடுவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. பையன் பயத்தில் உறைந்துபோய்விட்டானோ, கைப்பிடி கண்ணெதிரே இருந்தும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டானோ என்று. பெற்றவனே இப்படி நினைத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

ஆலை வாசலில் யோர்டிஸ் என்ற பெண் நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். வெல்டர், அதோடு தொழிலாளர் தரப்புப் பாதுகாப்புப் பிரதிநிதி. இரும்பு மூக்கு வைத்த காலணி, கண்ணாடி, காதடைப்பான், மஞ்சள் அங்கி எல்லாம் மாட்டிவிட்டு என்னைத் தேர்வு எழுத உட்காரவைத்தாள். பத்துக் கேள்வி, பத்தும் சரியாக இருந்தால்தான் உள்ளே போகலாம். நான் ஏழாவதில் தவறிவிட்டேன். ஆபத்து நேர்ந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்பது கேள்வி. ‘வெளியே போவேன்’ என்று எழுதியிருந்தேன். ‘அருகிலுள்ள பொறுப்பாளருக்குத் தெரிவிப்பேன்’ என்பதுதான் சரியான விடையாம். மறுபடி எழுதித் தேறினேன். யோர்டிஸ் தாளைத் திருத்திக்கொண்டே, முதல்ல எழுதினதுதான் எனக்கும் தோணும் என்று முணுமுணுத்தாள். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

பிறகு பொந்துஸ் வந்தார். பாதுகாப்புப் பண்பாட்டு இயக்குநர். மெல்லிய கம்பளிச் சட்டை, மெல்லிய குரல். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, எவ்வளவு நேரம் பிடித்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களோ அவ்வளவு நேரம் பிடித்திருந்தார். அழைத்த நாலு குடும்பங்களில் நான் ஒருவன்தான் வந்திருக்கிறேன் என்றும், அது மிகத் துணிச்சலான செயல் என்றும் சொன்னார். விபத்துச் செய்தி வந்த அன்றைக்குத் தனக்கே தூக்கம் வரவில்லை என்றும் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், ஆனால் இந்த ஓநாய்க்கு நிஜமாகவே கண் கலங்கியது. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

கூடத்துக்குள் நுழைந்ததும் ஒரு வரிசையாக வண்டிகள் நின்றன. சக்கரம் இல்லாத, கண்ணாடி இல்லாத, பச்சை பூசாத வெறும் இரும்புக் கூடுகள். ஒவ்வொன்றின் பின்புறமும் கதவில்லாமல் திறந்து கிடந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு இருக்கை வருகிற இடத்தில் ஆறு சாக்குக்கட்டி வட்டம் போட்டிருந்தார்கள். நான் கடைசி வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பதினொரு வண்டி, பதினொரு ஆறாம் இருக்கை. அவற்றில் உட்காரப் போகிற பிள்ளைகள் இப்போது எங்காவது பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பொந்துஸ் ஒரு வண்டியின் அடிவயிற்றைத் தட்டிக் காட்டினார்.

“ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க டோர்னி. வெடி நம்மளைத் தோற்கடிக்கலை. அடித்தகடு ஒரு மில்லிமீட்டர்கூடக் கிழியலை. உங்க யோவார் உட்கார்ந்திருந்த வண்டிதான் எங்க சரித்திரத்திலேயே நல்ல பலன் காட்டின வண்டி. அதுக்கப்புறம் மூணு நாடு ஆர்டர் குடுத்திருக்கு. அவன் வீணாப் போகலை.”

புகையைப் பற்றிக் கேட்டேன்.

“புகை வேற துறைங்க. ராணுவம் எங்ககிட்டக் கேட்டது வெடி. வெடிக்கு என்ன செய்யணுமோ அதைச் செஞ்சிருக்கோம். கேக்காததைச் செஞ்சா அது அத்துமீறல் ஆயிடும், இல்லையா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். எங்கள் நாட்டில் வளர்ந்தவனுக்கு இந்த மாதிரிக் கேள்விக்குத் தலை தானாகவே ஆடிவிடும்.

அடுத்து பொம்மைகளின் அறை. வண்டியை வெடிவைத்துச் சோதிக்கும்போது உள்ளே மனிதருக்குப் பதிலாக உட்கார்கிற பொம்மைகள் அவை. ஆள் உயரம், ஆள் எடை. ஆறு பேருக்கும் பெயர் எழுதிய அலமாரி, அலமாரிக்குள் குளிர்கோட்டு, ஆளுக்கொரு பணியாளர் எண். சோதனைக்கு முந்தின நாள் இவர்களை வண்டிக்குள் ஏற்றுபவர்கள் மனம் நோகக் கூடாது என்று உளவியல் ஆலோசகர் ஒருவர் இருக்கிறாராம். ஆறாம் இருக்கைக்காரன் பெயர் தூரெ. இருநூற்றுப் பதினாலு முறை வெடித்தும் தூரெ ஒரு நாளும் விடுப்பு எடுத்ததில்லை என்றார் பொந்துஸ். இன்றைக்கு அவன் வேலைக்குச் சேர்ந்து இருபது வருஷம், இரண்டரை மணிக் காபியோடு கேக் வெட்டுகிறார்கள், நானும் இருந்தால் தூரெக்குப் பெருமை. தொழிற்சங்கம் அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருந்தது. இருபது வருஷம் ஆனவர்களுக்கெல்லாம் கொடுப்பதுதான், விதிவிலக்கு காட்ட முடியாதாம்.

தூரெ சாந்தமாக உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் முழங்கால்மேல். முகத்தில் வாய் என்று ஒரு கோடு மட்டும் இருந்தது.

சோதனை முடிந்ததும் கதவை யார் திறப்பார்கள் என்று கேட்டேன். நாங்கள்தான், வெளியிலிருந்து மோட்டாரை ஓட்டித் திறப்போம் என்றார் பொந்துஸ். உள்ளேயிருந்து யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் முகத்தில் நிஜமான குழப்பம் தெரிந்தது.

“உள்ள இருக்கறது தூரெங்க. தூரெ எப்படித் திறப்பான்? அவன் வேலை உட்கார்ந்திருக்கறது. ஆனா ஒண்ணு சொல்றேன், இருநூத்திப் பதினாலு சோதனையிலும் கதவைப் பத்தி உள்ளேருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை.”

அவர் பொய் சொல்லவில்லை. சொன்னது அத்தனையும் உண்மை.

கூடத்தின் நடுவே ‘தொட்டில்’ இருந்தது. வெல்டர்கள் படுத்துக்கொண்டும் குனிந்துகொண்டும் வேலை செய்யாமல் இருக்க, வண்டி முழுவதையும் இப்படியும் அப்படியும் புரட்டிப்போடும் இரும்பு வளையம். விருந்தாளிகளுக்கென்று பழைய முள்ளெலி ஒன்றை அதில் மாட்டி வைத்திருந்தார்கள். உள்ளே உட்காரவைத்து முப்பது பாகை சாய்த்துக் காட்டுவார்களாம். போன வருஷம் நகரசபைத் தலைவி சந்தோஷத்தில் கூவினாராம். நான் ஆறாம் இருக்கையைக் கேட்டேன். முப்பது பாகை வேண்டாம், இடப்பக்கமாக முழுக்கச் சாய்க்க வேண்டும் என்றேன். பொந்துஸ் தயங்கினார். பிறகு, உறவினரின் விருப்பத்தை மறுக்காமலிருப்பது ஆலையின் மூன்றாவது விழுமியம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். தனியாக இருந்தால் எனக்கு மனம் கலங்கும் என்று ஐந்தாம் இருக்கையில் தூரெயைக் கொண்டுவந்து உட்காரவைத்து, பட்டையையும் கட்டினார்கள்.

மோட்டார் முனகிக் கதவு மூடிக்கொண்டது. வெளிச்சம் ஒரு கோடாகி அதுவும் போயிற்று. எங்கோ ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. வண்டி மெல்லப் புரண்டது. நான் பட்டையில் பக்கவாட்டில் தொங்கினேன். தூரெ என் பக்கமாகச் சரிந்து, ஒரு கையை என் தோள்மேல் போட்டான். அப்போது எங்கோ மணி அடித்த அதிர்வு இரும்பில் வந்தது. பச்சை விளக்கும் அணைந்துவிட்டது.

காபி மணி. ஹம்ராவில் காபி வேளையில் கூடத்தின் மின்சாரத்தையே நிறுத்திவிடுவார்கள். ஒரு காலத்தில் எவனோ காபிக்குப் போகாமல் வேலை செய்து தொலைத்தானாம். அதனால் சங்கமும் நிர்வாகமும் உட்கார்ந்து பேசி எழுதிய ஒப்பந்தம் அது. என்னை ஒருவரும் மறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. விருந்தாளி உள்ளே இருக்கிறாரே என்று தொட்டிலை ஓட்டியவன் கேட்டானாம். துக்கத்தில் இருப்பவர்களுக்குத் தனிமை தர வேண்டும், கைப்பிடி இருக்கிறது, அவருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வருவார் என்று பொந்துஸ் சொன்னாராம்.

உள்ளே சத்தம் என்பதே இல்லை. என் மூச்சுச் சத்தத்துக்கே நான் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். கையை நீட்டித் தடவினேன், கைப்பிடி அகப்பட்டது. கைக்கு எட்டுகிற தூரம்தான். அறிக்கையில் எழுதியிருந்ததும் அதுதான், கைக்கு எட்டும் தூரம். பிடித்துத் திருப்பினேன். கால்வாசி திரும்பி நின்றது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி திருப்பினேன், மறுபடி திரும்பிப் போனது. பட்டையைக் கழற்றிக் கீழே விழுந்து, தூரெயின் மடியில் முழங்கால் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தேன். முப்பத்தொரு வருஷம் பேருந்துக் கதவோடு மல்லுக்கட்டியவன் நான். என்ன நடக்கிறது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. வண்டி படுத்தால் கதவின் கீல் மேலே போய்விடுகிறது, முந்நூறு கிலோ இரும்பும் தாழ்ப்பாள்மேல் தொங்குகிறது. கதவை மேலே தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் நகரும். உள்ளே ஊன்றி நின்று தூக்க இடமில்லை. பத்து யோவார் இருந்தாலும் முடியாது. பத்துத் தடவை திருப்பினாலும் கைப்பிடி பூட்டிய நிலையில்தான் கிடக்கும்.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. கத்தினேன். இரும்பைக் காலால் உதைத்தேன். என் பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது, தூரெதான் என்று சொல்லிக்கொண்டேன், தூரெக்கு மூச்சு கிடையாது என்பதும் ஞாபகம் வந்தது. கைப்பிடியை மறுபடி பிடித்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. என் கைச் சூடுதான், வேறென்ன. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, நீ திருப்பியிருக்கேடா, நீ திருப்பியிருக்கே என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இரண்டு வருஷமாக அவனைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அடுத்த நொடியே, அப்படியானால் அவன் எவ்வளவு நேரம் திருப்பிக்கொண்டிருந்தான் என்ற நினைப்பு வந்தது. அதற்கப்புறம் நான் கத்தவில்லை.

தூரெ இல்லாமலே கேக் வெட்டியது, அவனுக்குக் கடிகாரம் கொடுப்பதாகச் சொற்பொழிவாற்றியது எல்லாம் சேர்ந்து இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது. காபி அறையில் யோர்டிஸ்தான் விருந்தாளி எங்கே என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் கோப்பையை வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள். காபி வேளையில் மின்சாரம் கொடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும், அதை வாங்கத்தான் அவளுக்குப் பாதி நேரம் போயிற்று. கதவு திறந்ததும் வெளிச்சத்தில் முதலில் பொந்துஸின் முகம் தெரிந்தது. உதட்டோரத்தில் கேக்கின் பச்சைப் பூச்சு ஒட்டியிருந்தது.

“ஏன் டோர்னி, நீங்களே திறந்துக்கிட்டு வந்திருக்கலாமே?” என்று அன்பாகக் கேட்டார்.

தோல் உரிந்திருந்த என் விரல்களைப் பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

யோர்டிஸ் எனக்குத் தண்ணீர் கொடுத்து, பெட்டிமேல் உட்காரவைத்து, மஞ்சள் படிவத்தை எடுத்தாள். ஆலையில் ஒருவர் ஐந்து நிமிஷத்துக்கு மேல் எங்கேயாவது அடைபட்டுவிட்டால், அன்றைய வேலை நேரம் முடிவதற்குள் எழுதி, இயக்குநர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கழிப்பறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டதற்குக்கூட எழுதியிருக்கிறார்களாம். ஹம்ராவின் பெருமையே இந்தப் படிவம்தான், வேறு ஆலைக்காரர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறார்கள் என்று பொந்துஸ் இந்த நிலைமையிலும் எனக்கு எடுத்துச் சொன்னார்.

நாள், இடம், வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, எந்த இருக்கை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்த யோர்டிஸ் எட்டாம் கேள்வியில் நிறுத்தினாள். அடைபட்டவர் தம் சொந்த முயற்சியால் வெளியேறியிருக்க முடியுமா? அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்ன போடட்டும் என்று பொந்துஸைக் கேட்டாள். மிகச் சாதாரணமான குரலில்தான் கேட்டாள்.

“முடியாதுன்னு போடு. முடியும்னு போட்டா, நாம அவருக்குச் சரியாச் சொல்லிக்குடுக்கலை, பயிற்சியில கோளாறுன்னு ஆயிடும். ஆலையோட பச்சைப் பாதுகாப்புச் சான்றிதழ் போயிடும்.”

“காரணம் எழுதணும்.”

“எழுது. இடப்பக்கம் சாஞ்ச நிலையில மோட்டார் ஓடலேன்னா, ஆறாம் இருக்கையில இருக்கற எவராலயும் அந்தக் கதவைத் திறக்க முடியாது. எடை முந்நூறு கிலோ. எவராலயும்னு அடிக்கோடு போடு. வந்த விருந்தாளிமேல ஒரு பழியும் வரக்கூடாது, அது நமக்கு ரொம்ப முக்கியம்.”

அவள் எழுதினாள். அடிக்கோடும் போட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், ஆனால் தவளைக்கு அது தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. பொந்துஸ் ஒரு நொடிகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டார், ஆலை முத்திரையும் குத்தினார், நான் நன்றாக இருப்பதாக உறுதி செய்துகொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். முதல் பிரதி கோப்புக்கு, இரண்டாம் பிரதி பாதிக்கப்பட்டவருக்கு. யோர்டிஸ் அதை இரண்டாக மடித்து என் அங்கிப் பையில் வைத்தாள். யோவார் போன வண்டியில் கதவின் கீலைப் பற்றவைத்தது அவள் கைதான் என்றும், நாற்பத்தோராம் பக்கத்தை அவளும் படித்திருக்கிறாள் என்றும் வாசலில்தான் சொன்னாள். நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராக மய்கென் வீட்டுக்குப் போனேன். அழைப்பு மணியை அடித்ததும் அவளே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது, ஆனாலும் கதவைச் சாத்தவில்லை. நான் தாளை நீட்டினேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே படித்தாள். எட்டாம் கேள்விக்கு வந்தபோது அவள் விரல் அந்த அடிக்கோட்டின்மேல் நின்றது. அப்புறம் முதலிலிருந்து மறுபடி படித்தாள். அடுப்பில் ஏதோ கொதித்துச் சிந்தியது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“ரெண்டு வருஷம் உங்க பையனை நெனச்சு நெனச்சுத்தான் நான் காலையில எழுந்திரிச்சேன், டோர்னி,” என்றாள். “அவனை வெறுக்கலேன்னா என்னால எழுந்திரிச்சிருக்கவே முடியாது. இப்ப நான் யாரை வெறுக்கிறது?”

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. தாளின் அடியைக் காட்டி, அங்கே கையெழுத்து இருக்கிறது என்றேன்.

மய்கென் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாய்விட்டு வாசித்தாள்.